குடிபோதை, செல்போன் விபத்து: முதல் மூன்று நாளில் எதைப் பிடிக்கணும்?

கேள்வி: பாளைக்காரன்

எங்கள் தெருச் சங்கத்தில் ஒரே தாளில் ஒரு குறிப்பு அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். குடித்துவிட்டோ, செல்போனைப் பார்த்துக்கொண்டோ ஓட்டியவன் மோதி ஒருவர் அடிபட்டால் அல்லது இறந்தால், வீட்டார் முதல் மூன்று நாளில் செய்ய வேண்டியது என்ன என்பதுதான் விஷயம். தேடினால் "போலீஸில் புகார் கொடுங்கள், நல்ல வக்கீலைப் பாருங்கள்" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

தெரிய வேண்டியது இவ்வளவுதான். ஓட்டியவன் குடித்திருந்தான் என்பது எந்தத் தாளில் ஏற வேண்டும்? அவன் குடித்திருந்தால் இன்ஷூரன்ஸ் பைசா தராது என்று ஸ்டேஷன் வாசலிலேயே சொல்லி சமாதானம் பேச வைக்கிறார்களே, அது உண்மையா? போன் பேசினான் என்பதை எப்படி நிரூபிப்பது? நிற்காமல் போன வண்டி என்றால் என்ன வழி? தமிழ்நாட்டு நடைமுறைப்படி சொன்னால் போதும்.

பதில் 1: கேஷுவால்டி டியூட்டி

உங்கள் தாளில் முதல் வரி போலீஸ் பற்றி இருக்க வேண்டாம், ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) பற்றி இருக்கட்டும். அடிபட்டவரைக் கொண்டுவந்ததும் அவசரப் பிரிவு டாக்டர் எழுதும் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்தான் மொத்த வழக்குக்கும் முதல் தாள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன வண்டி மோதியது, யார் கூட்டிவந்தார்கள் என்பதெல்லாம் அதில் ஏறும். பதற்றத்தில் கூட வந்தவர் "பைக்ல இருந்து விழுந்துட்டாரு" என்று மட்டும் சொல்லுவார். டாக்டர் அப்படியே "தானாக விழுந்ததாகச் சொல்லப்படுகிறது" என்று எழுதிவிடுவார். இரண்டு வருடம் கழித்து இன்ஷூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். ஆகவே "பின்னாடி வந்த கார் இடிச்சு விழுந்தார்" என்று சொல்லுங்கள். நம்பர் தெரிந்தால் நம்பரையும், தெரியாவிட்டால் நிறத்தையும் வகையையும் சொல்லுங்கள். எழுதியது தப்பாக இருந்தால் அன்றைக்கே டியூட்டி டாக்டரிடம் சொல்லித் திருத்தம் கேளுங்கள். அடித்து எழுதாமல், தனியாகக் குறிப்பு எழுதி நேரமும் கையெழுத்தும் போடுவதுதான் சரியான முறை.

அடுத்தது ஓட்டியவனின் ரத்தம். சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. ஆல்கஹால். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு. முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் 2 வருடம், 15,000. உடம்பு ஆல்கஹாலை மணிக்குச் சுமார் 15 மி.கி. வீதம் கரைத்துக்கொண்டே இருக்கும். நள்ளிரவில் 120 இருந்தவனுக்குக் காலை 6 மணிக்குச் சுமார் 30தான் இருக்கும். ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தால் அறிக்கை "வரம்புக்குள்" என்றுதான் வரும். அந்த மாதிரிக் கேஸ்களில் லேப் மேல் தப்பே இருக்காது.

எடுக்கும் விதமும் முக்கியம். ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. பொவிடோன் அயோடினோ சோப்புத் தண்ணீரோ போதும். ஸ்பிரிட்டால் துடைத்ததாகக் கேஸ் ஷீட்டில் இருந்தால் எதிர்த்தரப்புக்கு அது ஒன்றே போதும். சோடியம் ஃப்ளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் போட்ட சாம்பல் மூடிக் குப்பியில், மேலே காற்றுக்கு இடம் விடாமல் நிரப்பி, சீல் வைத்து, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஃப்ளோரைடு இல்லாமல் வெயிலில் கிடந்தால் உள்ளேயே புளித்து அளவு கூடவும் செய்யும், ஆவியாகிக் குறையவும் செய்யும். இரண்டுமே வழக்குக்குக் கெடுதல். வீட்டாரால் இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க முடியாதுதான். ஆனால் "ஓட்டியவருக்கு ரத்தம் எடுத்தாச்சா, எத்தனை மணிக்கு?" என்று இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் கேட்டு ஒரு நகலில் சீல் வாங்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

செலவு பற்றி: "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் 1 லட்சம் வரை, பிறகு 2 லட்சம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். வெளிமாநிலத்துக்காரருக்கும் உண்டு, வருமான வரம்பு கிடையாது. "முதல்ல 50,000 கட்டுங்க" என்றால் திட்டத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். மத்திய அரசின் 2025 திட்டம் தனி: விபத்து நாளிலிருந்து 7 நாள், 1.5 லட்சம் வரை. கூட்டிவந்தவர் பேரைச் சொல்லக் கட்டாயம் இல்லை, அவரைச் சாட்சியாக வரச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது (134ஏ பிரிவு). இது தெரியாமல்தான் பாதிப் பேர் வாசலில் இறக்கிவிட்டு ஓடுகிறார்கள்.

பதில் 2: எம்.சி.ஓ.பி. மேசை

டாக்டர் சார் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அந்த 2 மணி நேரக் கணக்கு விபத்திலிருந்து இல்லை, கைதிலிருந்து (202-ஆவது பிரிவு). அதற்குள் மருத்துவப் பரிசோதனை செய்யாவிட்டால் அவனைக் காவலிலிருந்து விட வேண்டும், அவ்வளவுதான். குற்றம் கழிந்துவிடாது. தக்க காரணம் இல்லாமல் மூச்சோ ரத்தமோ கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பு அவனுக்கு எதிரான சான்றுக்கு வலு சேர்க்கும் (205-ஆவது பிரிவு).

இனி முக்கியமான கேள்வி. ஸ்டேஷன் வாசலில் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரே விபத்துக்கு இரண்டு வழக்கு ஓடும். ஒன்று ஓட்டியவனைத் தண்டிக்கும் கிரிமினல் வழக்கு. இன்னொன்று நஷ்டஈட்டுக்கு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் போடும் எம்.சி.ஓ.பி. என்கிற மனு. முதலாவதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இரண்டாவதில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். போதை நிரூபணம் ஆகாவிட்டாலும் கவனக்குறைவு நிரூபணம் ஆனால் நஷ்டஈடு வரும். போதை நிரூபணம் ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கும் என்பது உண்மை. அப்போது தீர்ப்பாயங்கள் வழக்கமாகப் போடுவது "பே அண்ட் ரெக்கவர்" உத்தரவு. கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டிவிட்டு, பிறகு வண்டி ஓனரிடம் வசூலித்துக்கொள்ளும். அந்த வசூல் உங்கள் தலைவலி இல்லை. ஆகவே குடித்திருந்தான் என்பதை மறைத்தால்தான் பணம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அவர் ஓனருக்காகப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் நிஜமாகச் சிக்குவது வேறு இடத்தில். மோதிய வண்டிக்கு வெறும் ஆக்ட் பாலிசிதான் (சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பு மட்டும்) என்றால் வெளியே அடிபட்டவருக்குக் கிடைக்கும், அதே காருக்குள் இருந்தவருக்கும் பைக்கில் பின்னால் இருந்தவருக்கும் கிடைக்காது. பேக்கேஜ் பாலிசி (முழுக் காப்பு) என்றால் கிடைக்கும். லோடு வண்டியில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆள் ஏற்றிப் போய்க் கவிழ்ந்தால் கம்பெனி சட்டப்படியே கைவிரிக்கும். பாலிசியே இல்லாத வண்டி என்றால், ஈடு கட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உடனே மனு போடுங்கள். வண்டி வெளியே போய்விட்டால் பிறகு ஓனரிடம் பிடிக்க ஒன்றும் இருக்காது.

காலக்கெடு: 2022 ஏப்ரல் 1 முதல் போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைப் படிவம் 1-இல் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவம் 2 பத்து நாளுக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. படிவம் 2 வரவில்லை என்றால் அந்த ஸ்டேஷனில் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுதுங்கள். நஷ்டஈட்டு மனுவுக்கு 6 மாத வரம்பு இருக்கிறது (166-ஆவது பிரிவின் 3-ஆவது உட்பிரிவு). அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதை நம்பி உட்காராதீர்கள், 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

எடுத்துவைக்க வேண்டிய தாள்கள்: எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். நகல், மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, குற்றப்பத்திரிகை, மோதிய வண்டியின் ஆர்.சி., பாலிசி, ஓட்டியவரின் லைசென்ஸ். இவற்றில் பலவற்றைத் தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை தளத்தில் கட்டணம் கட்டி எடுக்கலாம். ஸ்டேஷன் ரைட்டருக்குக் காபி வாங்கிக்கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு வரும் என்று தெரியாமல்தான் 2 லட்சத்துக்குச் சமாதானம் ஆகிறார்கள். ஆகவே ஒரு கணக்கு. 38 வயது, சொந்தத் தொழில், மாதம் 15,000, நம்பி இருப்பவர்கள் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். 2017 பிரணய் சேத்தி தீர்ப்புப்படி 40 வயதுக்குக் கீழ் சுயதொழிலுக்கு எதிர்கால உயர்வு 40 சதவீதம், ஆக 21,000. நான்கு பேர் என்பதால் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 15,750. வருடத்துக்கு 1,89,000. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கல் எண் 15 (2009 சர்லா வர்மா தீர்ப்பு). 28,35,000 ஆகிறது. இதோடு உறவு இழப்புக்கு ஆளுக்கு 48,000 சொச்சம், ஈமச் சடங்குக்கும் சொத்திழப்புக்கும் தலா 18,000 சொச்சம். மொத்தம் 30 லட்சத்தைத் தாண்டும், வட்டி தனி. வருமானத்துக்குச் சான்று இல்லை என்றாலும் தீர்ப்பாயம் உத்தேசமாக ஒரு தொகை வைக்கும், ஆனால் குறைவாக வைக்கும். பாங்க் பாஸ்புக், ஜி.எஸ்.டி. ரசீது, கடை லைசென்ஸ், பால் சொசைட்டி அட்டை என்று எது இருந்தாலும் தேடி எடுங்கள்.

கடைசியாக, ஆஸ்பத்திரி வராண்டாவில் வந்து வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பவர்களைப் பற்றித் தாளில் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை போடுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100-ல் கூப்பிடலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

பாளைக்காரன்

இரண்டு பேருக்கும் நன்றி. ஏ.ஆர். விஷயம் எங்கள் யார் தலையிலும் இல்லை. செல்போன் இன்னும் பாக்கி. அதோடு ஒன்று: எதிர் வண்டியே இல்லை, பைக்கில் போனவர் தானே சறுக்கி விழுந்து இறந்தார் என்றால் குடும்பத்துக்கு எதுவுமே இல்லையா?

பதில் 3: எம்.சி.ஓ.பி. மேசை

இருக்கலாம். ஓனரே ஓட்டி, அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால் பாலிசியில் ஓனர்-டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒரு வரி தேடுங்கள், 15 லட்சம். பிரீமியம் கட்டியிருந்தும் கேட்காமலே விட்ட குடும்பங்கள் நிறைய. இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டாம், கம்பெனியிலேயே கிளெய்ம். ஆனால் அவர் குடித்திருந்தார் என்று பிரேதப் பரிசோதனையில் வந்தால் இந்தக் காப்பு போய்விடும். இங்கே "பே அண்ட் ரெக்கவர்" கிடையாது.

பதில் 4: டவர் லொகேஷன்

செல்போனுக்கு வருகிறேன். கையில் போன் பிடித்து ஓட்டுவது 184-ஆவது பிரிவில் அபாயகரமாக ஓட்டுதல் என்றே வருகிறது. நிரூபிக்க மூன்று தடயம் உண்டு.

முதலாவது சி.டி.ஆர். என்கிற அழைப்பு விவரப் பதிவு. அழைப்பு தொடங்கிய நேரம், முடிந்த நேரம் நொடிக் கணக்கில் இருக்கும். போன் கம்பெனிகள் இதை 2 வருடம் வைத்திருக்க வேண்டும், ஆகவே இதற்கு அவசரம் இல்லை. ஆனால் வீட்டார் கேட்டால் தரமாட்டார்கள். விசாரணை அதிகாரியோ கோர்ட்டோதான் கேட்க முடியும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 94-ஆவது பிரிவு). ஓட்டியவரின் நம்பரைக் குறிப்பிட்டு, விபத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரத்துக்குக் கேட்கும்படி மனுக் கொடுங்கள். வாட்ஸ்அப் கால் சி.டி.ஆரில் தெரியாது. டேட்டா பதிவில் ஏதோ ஓடியது என்று தெரியும், என்ன ஓடியது என்று தெரியாது. அதற்குப் போனையே கைப்பற்றித் தடயவியலுக்கு அனுப்ப வேண்டும், முதல் நாளிலேயே கேட்டால்தான் நடக்கும்.

இரண்டாவது சி.சி.டி.வி. உண்மையில் அவசரமானது இதுதான். கடைகளில் கேமரா காட்சியைப் பதியும் டி.வி.ஆர். பெட்டி ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் பழையதன் மேலேயே பதிந்துவிடும். விபத்து இடத்திலிருந்து இரண்டு பக்கமும் நடந்து எந்தெந்தக் கடை, பெட்ரோல் பங்க், ஏ.டி.எம்.மில் கேமரா இருக்கிறது என்று எழுதி, அந்தப் பட்டியலையே மனுவாக ஸ்டேஷனில் கொடுங்கள். திரையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது உங்கள் திருப்திக்கு. கோர்ட்டுக்கு மூலப் பதிவும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவுச் சான்றிதழும் வேண்டும். டி.வி.ஆர். கடிகாரம் 10, 15 நிமிடம் தப்பாக ஓடுவது சகஜம். எடுக்கும்போது திரையில் காட்டும் நேரத்தையும் சரியான நேரத்தையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 8.42-க்கு நடந்த விபத்துக்கு 8.31 என்று காட்சி வரும், சி.டி.ஆரோடு பொருந்தாமல் இரண்டும் வீணாகும்.

மூன்றாவது சாலை. பிரேக் தேய்ந்த தடமே இல்லை என்றால் அவன் கடைசி வரை பார்க்கவில்லை என்று வாதிடலாம். ஏ.பி.எஸ். (பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத அமைப்பு) உள்ள வண்டிகளில் தடம் மங்கலாகத்தான் விழும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. மகஜரில் "தடம் இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். இருந்தால் எழுதுவார்கள், இல்லாததை எழுதும் பழக்கம் குறைவு.

பதில் 5: ஷெட் சூப்பர்வைசர்

எல்லாம் விபத்துக்குப் பிறகு நடப்பது பற்றியே போகிறது. உங்கள் தாளின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கும், வேன், மினி பஸ், ஆக்டிங் டிரைவர் வைப்பவர்களுக்கும் நாலு வரி போடுங்கள்.

வண்டி எடுக்கும் முன் ஊதச் சொல்லும் கருவி வாங்குவதென்றால் ஃப்யூயல் செல் சென்சார் உள்ளதை வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் செமிகண்டக்டர் சென்சார் சிகரெட் புகைக்கும் சென்ட்டுக்கும்கூட எண் காட்டும். நாலு தடவை பொய்யாகக் காட்டினால் டிரைவர்கள் கருவியையே மதிக்க மாட்டார்கள். மவுத்வாஷ், இருமல் டானிக் குடித்த உடனே ஊதினால் வாயில் இருப்பதுதான் காட்டும். தண்ணீர் கொப்பளிக்கவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதவையுங்கள். காலிபரேஷன் (அளவு சரிபார்த்த) தேதியைக் கருவியிலேயே ஒட்டிவையுங்கள். காலை டிரிப்புக்கும் கண்டிப்பாக ஊத வேண்டும். டாக்டர் சொன்ன 120 கணக்கு பள்ளி வேன் டிரைவருக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

செல்போனில் தப்பு பெரும்பாலும் ஆபீஸ் பக்கம். "எங்க வந்துட்டு இருக்க?" என்று ஓடும் வண்டிக்கு அடிப்பது யார்? புக்கிங் மேசையும் ஓனரும்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகும். 5 நொடி திரையைப் பார்த்தால் 80 மீட்டருக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டின மாதிரி. ஜி.பி.எஸ். இருக்கிற வண்டிக்குப் போன் எதற்கு? விதி இப்படி இருக்கட்டும்: ஓடும் வண்டிக்கு ஆபீஸ் கூப்பிடாது. டிரைவர் நிறுத்தும் இடங்கள் முன்பே குறித்திருக்கும், அங்கிருந்து அவர் கூப்பிடுவார். புளூடூத் போட்டால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மைதான். கை காலியாகும், கவனம் பேச்சில்தான் இருக்கும். சரக்குக் கணக்கு, சம்பளப் பாக்கி மாதிரிப் பேச்செல்லாம் ஓட்டும்போது வேண்டாம்.

குடித்தவன் வண்டியில் தெரிந்தே ஏறிப் போவதும் பிரச்சினைதான். 188-ஆவது பிரிவில் உடந்தைக்கும் அதே தண்டனை. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கும் அபராதம் என்று அறிவித்தது. கல்யாண மண்டபம், பார் பக்கத்தில் இருக்கும் ஆக்டிங் டிரைவர் நம்பரை மண்டப மேனேஜரிடம் ஒட்டிவைக்கச் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை, வந்திறங்கும் ஆக்டிங் டிரைவரையும் ஊதச் சொல்லுங்கள்.

பதில் 6: கேஷுவால்டி டியூட்டி

நிற்காமல் போன வண்டி பற்றி யாரும் சொல்லவில்லை. அதற்குத் தனித் திட்டம் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. கோர்ட் வேண்டாம். தாலுகா அல்லது கோட்ட அளவில் நியமித்த விசாரணை அதிகாரியிடம் இந்தத் திட்டத்துக்கான படிவம் 1, எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, பாங்க் பாஸ்புக், அடையாளச் சான்று கொடுங்கள். அவர் ஒரு மாதத்தில் அறிக்கை கொடுப்பார், கலெக்டர் அனுமதிப்பார். இதிலும் ஏ.ஆரில் "அடையாளம் தெரியாத வாகனம் மோதி" என்று இருக்க வேண்டும். "தானாக விழுந்ததாக" என்று இருந்தால் தாசில்தார் அலுவலகத்திலேயே திருப்பிவிடுவார்கள்.

தலையில் அடிபட்டவர்களுக்கு இன்னொன்று. ஊனச் சான்றிதழுக்கு அவசரப்படாதீர்கள், சிகிச்சை முடிந்து நிலை தெளிந்த பிறகு வாங்குங்கள். எலும்பு டாக்டர் கையை மட்டும் பார்த்து 20 சதவீதம் என்று எழுதுவார். ஞாபக மறதியும் கோபமும் அதில் வராது. நரம்பியல் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். 2010 ராஜ்குமார் தீர்ப்புப்படி தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது உறுப்பின் சதவீதத்தை அல்ல, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதை. அதே 20 சதவீதக் கை தையற்காரருக்கு வேறு, கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்கு வேறு. வேலை என்ன, எந்தக் கையால் என்ன செய்வார் என்பதை மனுவில் விவரமாக எழுதச் சொல்லுங்கள். வீட்டில் தூக்கம் இல்லாமல், வண்டிச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறவர்களுக்கு 14416-ல் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் இருக்கிறது, தமிழில் பேசுவார்கள்.

பாளைக்காரன்

தாளின் முன்பக்கம் ஏ.ஆர்., சி.சி.டி.வி. பட்டியல், ரத்தப் பரிசோதனை மனு. பின்பக்கம் சூப்பர்வைசர் அண்ணன் சொன்னது. நஷ்டஈட்டுக் கணக்கைத் தனித் தாளாகப் போடுகிறோம், இதோடு சேர்த்தால் எழுத்து பொடியாகி யாரும் படிக்க மாட்டார்கள். மூன்று மனுக்களுக்கும் மாதிரி வாசகம் யாரிடமாவது இருந்தால் இங்கேயே போடுங்கள்.